காளவாசல் வக்கீலம்மா

நான் சாகடித்த ஆளுக்கு வக்கீலம்மா வீட்டில் காலையில் காப்பி கொடுத்திருந்தார்கள். எங்கள் அறிமுகம் அப்படித்தான் ஏற்பட்டது.

முப்பதுகளின் தொடக்கம் அது. மதுரையில் வாரம் இருமுறை வந்துகொண்டிருந்த ஒரு தமிழ்ப் பத்திரிகையில் நான் நிருபர். கோர்ட்டு, மழை, சந்தை, விபத்து எல்லாவற்றுக்கும் நான் ஒருவன்தான். சமயநல்லூர்ச் சாலையில் பஸ்ஸும் மாட்டு வண்டியும் மோதிக்கொண்டதில், வண்டியில் வந்த இருவர் மாண்டதாக எழுதியிருந்தேன். பெயர், ஊர், வயது எல்லாம் போட்டிருந்தேன். மறுநாள் பத்து மணிக்கு ஆபீஸ் வாசலில் ஒரு பெண் வந்து நின்றார். இருபது வயது இருக்கும். ஒல்லியான உருவம். எங்கள் பத்திரிகையை நான்காக மடித்துக் கையில் வைத்திருந்தார்.

"இதை எழுதுனது யாருண்ணே?"

"நான்தாம்மா."

"நீங்க போய்ப் பாத்தீங்களா?"

"இல்லம்மா. ஸ்டேஷன்ல சொன்னாங்க."

"ஸ்டேஷன்ல சொன்னவரு பாத்தாரா?"

"அவருக்கு பஸ் டிரைவர் சொல்லிருப்பாரு."

சொல்லும்போதே எனக்கு உறைத்தது. மோதிய கையோடு டிரைவர் ஓடிவிட்டார் என்று நானே இரண்டாவது பத்தியில் எழுதியிருந்தேன்.

"இதுல ரெண்டாவதா செத்துப்போனதா போட்டிருக்கீங்கள்ல, அவருதான் எங்க வீட்டுக்குப் பால் ஊத்துறவரு. கால்ல கட்டோட இன்னிக்குக் காலைல வந்து காப்பி குடிச்சுட்டுப் போனாரு. பேப்பரை வாசிச்சுக் காட்டுனேன். வயசைக் கூட்டிப் போட்டுட்டாங்கன்னு வருத்தப்பட்டாரு."

அடுத்த இதழில் திருத்தம் போட்டோம். அன்றிலிருந்து என் குறிப்பு நோட்டில் பக்கத்தை நடுவில் கோடு போட்டுப் பிரித்தேன். இடது பக்கம் நான் பார்த்தது, வலது பக்கம் பிறர் சொல்லக் கேட்டது. பல வருஷம் அப்படி எழுதியிருக்கிறேன். வலது பக்கம்தான் எப்போதும் முதலில் நிரம்பும்.

அடுத்த வருஷம் வாடகை குறைவு என்று காளவாசலுக்குக் குடிபோனேன். அப்போது அது ஊருக்கு வெளியே. செங்கல் சூளைகள், சூளை வேலைக்காரர்களின் குடிசைகள், ஒரே ஒரு தெருவில் பதினைந்து ஓட்டு வீடுகள். அவர் வீடு எனக்கு எதிர் வீடு. அவர் அப்பா ஒரு பஞ்சாலைக் கிடங்கில் குமாஸ்தா. அம்மா தெருவுக்கே செய்தி ஆபீஸ். அந்த ஆபீசுக்குத் தணிக்கை அதிகாரியாக மகள் வாய்த்திருந்தார்.

ஒரு நாள் அவர் அம்மா வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற பெண்ணிடம், "மூணாம் வீட்டு மருமக கோவிச்சுக்கிட்டு ஊருக்குப் போயிட்டாளாம்ல" என்று ஆரம்பித்தார்.

உள்ளேயிருந்து குரல் வந்தது. "நீ பாத்தியாம்மா?"

"பொட்டியத் தூக்கிக்கிட்டுப் போனதைப் பாத்தேண்டி."

"பொட்டியத்தானே பாத்த? கோவத்தைப் பாத்தியா?"

"இவ ஒருத்தி. இவ வீட்டுல இருந்தா மனுசரு ஒரு வார்த்தை பேச முடியுதா" என்று அம்மா வேலியை விட்டு வந்துவிட்டார். மூன்றாம் வீட்டு மருமகள் தங்கை கல்யாணத்துக்குப் போயிருந்தாள். நான்கு நாளில் பலகாரத்தோடு வந்தாள்.

இந்தக் குணம் அவருக்கு எங்கிருந்து வந்தது என்று அவர் அப்பா ஒருமுறை என்னிடம் சொன்னார். கிடங்கில் சில பேல் பஞ்சு காணாமல் போயிருக்கிறது. விசாரணை நடந்தது. அவரைக் கணக்கு மேஜையிலிருந்து இறக்கி வாசற்கதவுக் குமாஸ்தாவாக ஆக்கிவிட்டார்கள். அந்த விசாரணைக் காகிதங்களின் நகலைத் தகரப் பெட்டியில் போட்டு மூடிவைத்திருந்தார். மகள் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது அதை எடுத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க வாசித்திருக்கிறாள். ஒன்பது சாட்சிகள். சாயங்காலம் வந்து, "அப்பா, ஒம்பது பேருமே 'அப்படிப் பேசிக்கிட்டாங்க'ன்னுதான் சொல்லிருக்காங்க. ஒருத்தர்கூடப் பாக்கல. இதை யாருமே கேக்கலையா?" என்றாளாம். அவர் கேட்கவில்லை. கேட்கலாம் என்றே அவருக்குத் தோன்றியதில்லை.

பெண் பார்க்க வந்த கதையையும் சொல்லிவிட வேண்டும். இதை நான் பார்த்தேன். ஆண்கள் குறைவாக இருக்கிறார்கள் என்று என்னையும் கூப்பிட்டு உட்கார வைத்திருந்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் பேரையூர்ப் பக்கம். மாப்பிள்ளையின் தாய்மாமன் பேசிக்கொண்டே இருந்தார்.

"அம்புட்டும் கரிசக் காடு. பருத்தி போட்டா இடுப்பளவு நிக்கும். ரெண்டு கெணறு. கோடையிலயும் ரெண்டுலயும் தண்ணி நிக்கும்."

காப்பித் தட்டோடு வந்தவர் குனிந்து டம்ளரை நீட்டினார். "நீங்க எட்டிப் பாத்தீங்களா?"

"எதைம்மா?"

"கெணத்தை."

தாய்மாமன் நல்ல மனிதர். பொய் சொல்ல வரவில்லை. "எங்க மச்சான் சொன்னாரும்மா" என்றார். அதுவரை வாய் திறக்காத மாப்பிள்ளை தரையைப் பார்த்தபடி, "ஒண்ணுலதான் நிக்கும்" என்றான்.

சம்பந்தம் அன்றே முறிந்தது. அந்தப் பையன் யோக்கியன், அவனையே கட்டியிருக்கலாம் என்று அவர் அம்மா பத்து வருஷம் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கும் அதே அபிப்பிராயம்தான்.

அந்த வாரமே அவர் சட்டம் படிக்க வேண்டும் என்று அப்பாவிடம் கேட்டார். பி.ஏ. முடித்திருந்தார். பெண்கள் வக்கீலாகலாம் என்று சட்டம் வந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. ஆனால் எங்கள் பக்கத்தில் அப்படி ஒருவரை யாரும் பார்த்ததில்லை. "கோர்ட்டுக்குப் போன பொம்பளைன்னு பேரு வாங்கித் தரப் போறியா?" என்றார் அம்மா. அப்பா தகரப் பெட்டி இருந்த மூலையைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "போயிட்டு வரட்டும்" என்றார்.

பட்டணத்துச் சட்டக் கல்லூரியில் அவர் வகுப்பில் இரண்டே பெண்கள். இருவருக்கும் ஆசிரியர் மேஜையை ஒட்டித் தனி பெஞ்சு. விடுமுறைக்கு வந்தபோது எனக்கு ஒரு சங்கதி சொன்னார். சாட்சியச் சட்டப் பாடத்தில், ஒருவர் சொல்லக் கேட்டதாக இன்னொருவர் சொல்வது சாட்சி ஆகாது என்று ஆசிரியர் ஆரம்பித்ததும் இவர் வாய்விட்டுச் சிரித்துவிட்டாராம். வகுப்பே திரும்பிப் பார்த்தது. என்ன சிரிப்பு என்று கேட்டாராம் ஆசிரியர்.

"என்ன சொன்னீங்க?" என்று நான் கேட்டேன்.

"எங்க தெருவுல இது சட்டம்னு தெரியாம இத்தனை வருசம் தனியா சண்டை போட்டுக்கிட்டு இருந்தேன் சார்னு சொன்னேன்."

படிப்பு இரண்டு வருஷம், பிறகு ஒரு சீனியரிடம் ஒரு வருஷப் பயிற்சி, ஹைகோர்ட்டில் பதிவு. கறுப்பு அங்கியைப் புடவைமேல் போட்டுக்கொண்டு மதுரைக் கோர்ட்டுக்கு வந்தார். சரித்திரம் நடக்கிறது என்று நானும் நோட்டோடு போனேன். வக்கீல்கள் அறையில் தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி கொடுத்தார்கள். தண்ணீர் குடிக்க வந்தவர்களெல்லாம் மரியாதையாக நலம் விசாரித்தார்கள். அவ்வளவுதான் சரித்திரம்.

கட்சிக்காரர்கள் அவரையும் கட்சிக்காரர் என்றே நினைத்தார்கள். பேரையூர் விவசாயி ஒருவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "யாரு மேல கேஸு தாயி? புருசன் மேலயா?" என்று கேட்டதை நான் என் காதால் கேட்டேன்.

"நான் வக்கீலுங்கய்யா."

"அது சரி. ஒன் வக்கீலு யாரு?"

அவருடைய சீனியர் பெரிய மனசுக்காரர். ஆரம்பத்தில் தன் வழக்குகளில் கூடவே நிறுத்திக்கொண்டார். அது நீடிக்காமல் போனதற்குக் காரணம் இருந்தது. அந்தக் காலத்தில் சாட்சிகளுக்குக் கோர்ட்டு வளாகத்து வேப்பமரத்தடியில் குமாஸ்தாக்கள் பாடம் சொல்லிக்கொடுப்பார்கள். பள்ளிக்கூடம்போலச் சத்தமாகவே நடக்கும். ஒரு வரப்புத் தகராறில் இவர் அந்த மரத்தடிக்குப் போய், சீனியர் கட்சிச் சாட்சியிடம், "நீங்க பாத்தீங்களாய்யா?" என்று சாதாரணமாகக் கேட்டிருக்கிறார்.

"இல்லம்மா. குமாஸ்தா அய்யா சொல்லித் தாரதைச் சொல்ல வந்திருக்கேன்."

"அப்ப கூண்டுல ஏறாதீங்க. ஊருக்குப் போங்க."

அவரும் பஸ் ஏறிப் போய்விட்டார். சீனியர் கோபப்படவில்லை. "நீ எழுத்து வேலை பாரும்மா" என்று மட்டும் சொன்னார். அதற்குப் பிறகு இரண்டு வருஷம் அவர் எழுதிக்கொண்டிருந்தார். பிராதுகள், பதிலுரைகள், நோட்டீசுகள். எதிலும் அவர் பெயர் இராது.

அப்பாவுக்கு வேலை ஓயும் காலம் வந்தது. பக்கத்து ஊர்ப் பெண்கள் பள்ளிக்கூடம் ஒன்றில் தலைமையாசிரியை வேலைக்கு இவரைக் கேட்டு எழுதியிருந்தார்கள். மாதக் கடைசிக்குள் பதில் வேண்டும். அம்மா எந்தெந்தப் பாத்திரத்தை எடுத்துப் போவது என்று ஒதுக்கிவைக்க ஆரம்பித்துவிட்டார். அங்கியை மடித்துப் பெட்டியில் வைத்தால் அது மறுபடி வெளியே வராது என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

அந்த மாதம்தான் முன்சீப் கோர்ட்டில் அந்தக் கோஷா வழக்கு விசாரணைக்கு வந்தது.

பழைய நகரத்தில் ஒரு முஸ்லிம் குடும்பம். பித்தளைப் பாத்திரக் கடை. அண்ணன் தம்பி இருவரில் தம்பி காலமாகிவிட்டார். அவருடைய விதவை, ஒரு சின்ன மகளோடு அந்த வீட்டிலேயே இருந்தார். வீட்டில் தனக்குள்ள பாகத்தை விட்டுக்கொடுத்ததாக அந்த அம்மாள் ஒரு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்துவிட்டார், ஆகவே வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்று கணவரின் அண்ணன் சொன்னார். அது என்ன காகிதம் என்றே எனக்குத் தெரியாது என்று விதவை வழக்குப் போட்டார். தோற்றால் சமயநல்லூரில் வாடகைக்கு இருக்கும் தன் கூடப்பிறந்த தம்பி வீட்டுக்குத்தான் போக வேண்டும். அங்கே ஒரே அறை.

பத்திரம் எழுதியது இத்தா காலத்தில். கணவன் இறந்தபின் நான்கு மாதம் பத்து நாள் மனைவி வெளியார் கண்ணில் படாமல் இருக்கும் காலம் அது. அண்ணன் திரைக்கு வெளியே நின்று நாலு பக்கத்தையும் உரக்க வாசித்தார். உள்ளேயிருந்து "சரி" என்று குரல் வந்தது. திரைக்கு அடியில் ஒரு கை நீண்டது. பெருவிரல் ரேகை எடுத்தார்கள். "படிக்கக் கேட்டு, சரியென ஒப்புக்கொண்டு" என்று பத்திரத்தில் வழக்கமான வரி இருந்தது. வாசித்ததும் உண்மை, ரேகையும் உண்மை. விதவையின் வக்கீலுக்கே நம்பிக்கை இல்லை.

அந்நிய ஆண்கள் முன் வராத கோஷாப் பெண்கள் கோர்ட்டுக்கு வர மாட்டார்கள். கோர்ட்டு ஒரு வக்கீலைக் கமிஷனராக நியமிக்கும்; அவர் வீட்டுக்குப் போய்த் திரைக்கு வெளியே உட்கார்ந்து வாக்குமூலம் எழுதி வருவார். முன்சீப் வக்கீல்களை ஒரு சுற்றுப் பார்த்தார். பார்வை கடைசி வரிசையில் இருந்த இவரிடம் வந்து நின்றது. இரு தரப்புக்கும் ஆட்சேபணை இல்லை. சின்ன வேலைதானே. கோர்ட்டு உத்தரவு ஒன்றில் அவர் பெயர் வந்தது அதுதான் முதல் தடவை.

அந்த வீட்டு முன்கூடத்தில் நானும் இருந்தேன். ஒவ்வொரு தரப்பும் என்னை எதிர்த் தரப்பின் குமாஸ்தா என்று நினைத்துக்கொண்டதால் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. திரைக்கு இந்தப் பக்கம் நடந்தது நான் பார்த்தது. அந்தப் பக்கம் நடந்ததை அவர் பின்னால் சொல்லக் கேட்டேன்.

கமிஷனருக்கென்று முன்கூடத்தில் மேஜை போட்டிருந்தார்கள். அவர் அதைத் தாண்டி, செருப்பைக் கழற்றிவிட்டு, திரையை விலக்கிக்கொண்டு உள்ளே போனார். வெளியே இருந்த ஆண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இதுவரை எந்தக் கமிஷனரும் திரைக்கு அந்தப் பக்கம் போனதில்லை. போகவும் முடியாது.

விதவையின் வக்கீல் திரையைப் பார்த்துக் கேட்டார். "உங்க பேரைச் சொல்லுங்கம்மா."

ஒரு பெண்குரல் கணீரென்று பெயர் சொன்னது. உடனே கமிஷனர் குரல் கேட்டது. "நீங்க யாரு?"

"நான் மூத்தவ. பெரியவரு பொண்டாட்டி."

"சாட்சி நீங்க இல்லயே."

"அவளுக்கு எப்பவும் நாந்தான் சொல்லுவேன். அவ வெக்கப்படுவா."

"இன்னிக்கு நீங்க பேசக் கூடாதுங்க, ராத்தா."

வக்கீல் மறுபடி பெயர் கேட்டார். பதில் இல்லை. இன்னும் உரக்கக் கேட்டார். பதில் இல்லை. அப்புறம் கமிஷனர் தாழ்ந்த குரலில், "உங்க பேரு என்ன?" என்று கேட்பது வந்தது. சட்டென்று பதிலும் வந்தது.

பிரதிவாதி வக்கீல் எழுந்தார். "கமிஷனரம்மா, நீங்க கேள்வி கேக்கக் கூடாது."

"நான் கேக்கல. அவரு கேட்டதைத் திருப்பிச் சொன்னேன்."

"திருப்பிச் சொல்லவும் கூடாது."

"சரிங்க. நீங்களே கேளுங்க, நான் எழுதுறேன்."

அவர் கேட்டார். நாலு கேள்வி கேட்டார். ஒன்றுக்கொன்று குரல் ஏறியது. கடைசியில் கையிலிருந்த தடித்த சட்டப் புத்தகத்தை மேஜைமேல் ஓங்கி அறைந்தார். எனக்கே உடம்பு தூக்கிப்போட்டது. உள்ளே குழந்தை வீறிட்டு அழுதது.

"சாட்சி திமிரா உக்காந்திருக்காங்க. அதையும் எழுதுங்க."

"திமிரு எனக்குத் தெரியலங்க. உக்காந்திருக்கிறது தெரியுது. அதை எழுதிட்டேன்."

விதவையின் வக்கீல் திரையை வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆறு மாதமாக அந்த அம்மாளின் தம்பியிடம்தான் பேசியிருக்கிறார்; கட்சிக்காரரோடு ஒரு வார்த்தை பேசியதில்லை. மெதுவாகப் பேனாவை மூடினார். "கமிஷனர், இனி நான் கேக்குறதை நீங்க சாட்சி முகத்தைப் பாத்துத் திருப்பிச் சொல்லுங்க. எதிர்த்தரப்பு ஆட்சேபணையோடவே எழுதிக்குங்க" என்றார்.

அப்படியே நடந்தது. பதில்கள் தயங்காமல் வந்தன. பத்திரம் வாசித்த அன்று என்ன நடந்தது?

"மூத்தவங்க கையைப் பிடிச்சாங்க. இங்க வைன்னு காட்டுனாங்க. வச்சேன்."

"எதுக்குன்னு சொன்னாங்களா?"

"கடைக் காயிதம்னு சொன்னாங்க."

பேசக் கூடாது என்று சொல்லியும் மூத்தவர் குரல் குறுக்கே வந்தது. "நானும் கடைக் காயிதம்னுதான் நெனச்சேன். அவரு வாசிச்சது பூரா பத்திரத் தமிழு. எனக்கு மட்டும் என்ன வெளங்குச்சு. முடிச்சுட்டு நின்னாரு, சரின்னேன்." கூடத்தில் உட்கார்ந்திருந்த அண்ணன் தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டார்.

வாக்குமூலம் முடிந்து விரல் ரேகை வைக்கும்போது விதவை கமிஷனர் கையைப் பிடித்து அருகே இழுத்துக் கிசுகிசுத்தார்.

"எனக்குக் காது கேக்காதுன்னு எழுதிட்டீங்களா?"

அவர் இல்லையென்று தலையசைத்தார்.

"எழுதிறாதீங்க. சின்ன வயசுல காச்சல்ல போனது. வாயசைக்கிறதை வச்சே புரிஞ்சுக்குவேன். எங்க வீட்டுக்காரருக்கே நிக்காஹ் முடிஞ்சு ஆறு மாசம் கழிச்சுத்தான் தெரியும். எம் மகளுக்கு நல்லாக் கேக்கும். ஆனா ஊரு நம்பாது. நாளைக்கு அவளைக் கேட்டு யாரு வருவா?"

காது கேட்காது என்பதுதான் அந்த அம்மாளை அந்த வீட்டில் வைத்திருக்கப் போகிற ஒரே சாட்சியம். அதைச் சொல்லி அவரைத் தேற்ற முடியாது. கமிஷனர் எந்தத் தரப்புக்கும் யோசனை சொல்லக் கூடாது. எழுதாமல் விடவும் முடியாது. "எனக்கு அன்னிக்கு ரெண்டு பக்கமும் வாயைக் கட்டியிருந்துச்சுண்ணே" என்றார் என்னிடம். இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை என்று அவர் அம்மா சொன்னார். அதை நான் பார்க்கவில்லை.

அறிக்கையை நான் பின்னால் கோர்ட்டில் வாசித்தேன். ஒன்றரைப் பக்கம். எத்தனை கேள்வி வெளியிலிருந்து கேட்கப்பட்டது, எத்தனைக்குப் பதில் இல்லை. எத்தனை கேள்வி முகத்துக்கு நேராகச் சொல்லப்பட்டது, எத்தனைக்குப் பதில் வந்தது. 'வெளியே மேஜையில் ஓர் ஓசை எழுந்தது. குழந்தையும் பெரியவரின் மனைவியும் நானும் திடுக்கிட்டோம். சாட்சி என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்; அசையவில்லை. குழந்தை அழுவதைக் கண்டபின் அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.' இவ்வளவுதான். செவிடு என்ற சொல்லோ அதற்கு உறவான எந்தச் சொல்லோ அதில் இல்லை.

பிரதிவாதி வக்கீல் கமிஷனரையே கூண்டில் ஏற்றிக் கேட்க வேண்டும் என்றார். முன்சீப் அனுமதித்தார். அன்று தண்ணீர்ப் பானை தனியாக இருந்தது. வக்கீல்கள் அத்தனை பேரும் கோர்ட்டு ஹாலில் நின்றார்கள்.

"சாட்சிக்குக் காது கேக்காதுன்னு சொல்றீங்களா?"

"சொல்லலையே."

"அப்ப கேக்கும்?"

"அதையும் சொல்லல."

"பின்ன என்னதான் சொல்றீங்க?"

"நீங்க ரெண்டு பேரும் வெளிய இருந்து கேட்ட ஆறு கேள்விக்குப் பதில் வரல. நேர்ல சொன்ன இருபத்திரெண்டுக்கும் வந்துச்சு."

"ஏன்னு ஊகிச்சீங்க?"

"ஊகிக்கிறதுக்குக் கோர்ட்டு என்னை அனுப்பலங்க."

ஹாலில் சிரிப்பு எழுந்தது. முன்சீப் காகிதத்தில் எதையோ மும்முரமாகத் தேடினார். வக்கீல் இன்னொரு கேள்விக்கு வாயெடுத்தார், அப்படியே நிறுத்திக்கொண்டார். கெட்டிக்காரர். காது கேட்காது என்று தானே நிரூபித்தால் வாசித்துக் காட்டிய பத்திரம் விழுந்துவிடும். நடித்தார் என்று சொல்லலாமென்றால், மேஜையை அறைந்த வரி குறுக்கே நின்றது. அறைந்ததும் அவரேதான். உட்கார்ந்துவிட்டார்.

தீர்ப்பு இங்கிலீஷில் வந்தது. அதன் சாரத்தைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: பத்திரம் திரைக்கு வாசித்துக் காட்டப்பட்டதில் சந்தேகமில்லை. திரை இந்த வழக்கில் கட்சிக்காரர் அல்ல. வாதிக்கு அது விளங்கியது என்பதற்கு எந்த ருசுவும் இல்லை. பத்திரம் செல்லாது.

நான் ஓட்டமாக ஆபீசுக்கு வந்து எழுதினேன். அவ்வளவு நல்ல செய்தி எனக்கு அதற்குமுன் கிடைத்ததில்லை, பின்னாலும் கிடைத்ததில்லை. 'காது கேளாக் கோஷா மாது. கண்டறிந்த பெண் வக்கீல்' என்று தலைப்பு. முழுவதும் அச்சுக் கோத்தாகிவிட்டது. சாயங்காலம் ஆறு மணிக்கு அவர் வந்தார். கோத்துவைத்த எழுத்தைத் தலைகீழாகவே வாசித்தார்.

"இது வேண்டாம்ணே."

"பேரு போடலையேம்மா."

"பாத்திரக் கடை வீடு, விதவை, ஒரு மக. அது யாருன்னு கண்டுபிடிக்க மதுரையில எம்புட்டு நேரம் ஆகும்?"

"தீர்ப்புல எல்லாம் இருக்கே."

"தீர்ப்புல அந்த வார்த்தை இல்ல. ஒங்க தலைப்புல முதல் வார்த்தையே அதுதான்."

நான் பேச்சை மாற்றிப் பார்த்தேன். "பள்ளிக்கூடத்துக்கு நாளைக்குத்தானே பதில் எழுதணும்? இது மட்டும் வந்துச்சுன்னா..."

"வந்தா எனக்குப் பத்துக் கேஸு வரும்ணே. அந்தப் பிள்ளைக்கு ஒரு மாப்பிள்ளை வர மாட்டான்."

அச்சுக்காரரிடம் கோத்ததைப் பிரிக்கச் சொன்னேன். அவர் என்னைத் திட்டிக்கொண்டே பிரித்தார். காலியான இடத்தில் பேரையூர்ப் பக்கம் நல்ல மழை என்று போட்டோம். இப்போது எழுதுகிறேன் என்றால், அந்தப் பிள்ளைக்குக் கல்யாணமாகிப் பேரன் பேத்தி எடுத்தாகிவிட்டது. இன்றும் பெயரில்லாமல்தான் எழுதுகிறேன்.

பள்ளிக்கூடத்துக்கு இன்னும் ஒரு மாதத் தவணை கேட்டு எழுதினார். முதல் வாரம் யாரும் வரவில்லை. இரண்டாம் வாரமும் வரவில்லை. அப்பா வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்தார். அம்மா ஒதுக்கிவைத்த பாத்திரங்களைத் துலக்கி வைத்தார்.

இதற்கிடையில் பழைய நகரத்தில் ஒரு கல்யாண வீட்டில், வழக்கில் தோற்றவரின் மனைவி, அந்த மூத்தவர், பெண்களைக் கூட்டி உட்காரவைத்துக் கதை சொல்லியிருக்கிறார். "ஒரு வக்கீலம்மா. தெரைக்குள்ள வந்து நம்மகூடத் தரையில உக்காந்து எழுதுது. என்னையே வாயை மூடச் சொல்லுச்சு, பாத்துக்க." அதைக் கேட்டவர்கள் நாலு வீட்டில் சொல்ல, அவர்கள் பத்து வீட்டில் சொல்லியிருக்கிறார்கள். ஆயுள் முழுக்கக் கேள்விப்பட்ட பேச்சோடு மல்லுக்கு நின்றவருக்கு அந்தப் பேச்சுதான் தொழில் தேடிக் கொடுத்தது. இதைச் சொன்னால் அவருக்குப் பிடிக்காது. ஆனால் உண்மை.

நாலாவது வாரம் ஒரு காலை, திரை போட்ட ஜட்கா ஒன்று எங்கள் தெருவில் வந்து நின்றது. நான் வாசலில் முகச்சவரம் செய்துகொண்டிருந்தேன்.

"வக்கீலம்மா வீடு எதுண்ணே?" என்றார் வண்டிக்காரர்.

எதிர் வீட்டைக் காட்டினேன். "எறங்கி உள்ள போகச் சொல்லுங்க."

"எறங்க மாட்டாங்க. ஆம்பளைக இருக்கீக."

அவர் வெளியே வந்து பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. உள்ளே போய் நோட்டும் பேனாவும் எடுத்து வந்து, ஜட்காவின் படியில் கால் வைத்து ஏறினார். திரை விழுந்தது. வண்டிக்காரர் குதிரையை அவிழ்த்துக்கொண்டு சூளைப் பக்கம் போய் உட்கார்ந்தார். உள்ளே இரண்டு குரல்கள். ஒரு தடவை சிரிப்புச் சத்தம். என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. நடுவில் அவர் அம்மா வந்து, திரை இடுக்கில் இரண்டு டம்ளர் காப்பியை நீட்டினார். ஒரு கை அதை வாங்கிக்கொண்டது.

ஒரு மணி நேரம் கழித்து அவர் இறங்கினார். கையில் வக்காலத்துக் காகிதம். அப்பா படியிலேயே காத்துக்கொண்டிருந்தார்.

"என்ன கேஸும்மா?"

"கட்சிக்காரங்க விஷயம்ப்பா. சொல்லக் கூடாது" என்றவர், மை காயாத கையெழுத்தை ஊதிக்கொண்டே உள்ளே போனார்.